காலமும் குறிப்பும்: காத்திருத்தலின் வரலாறு

நாம் கல்வி கற்ற மிசன் பாடசாலையிலே ஒரு மணி இருந்தது. தண்டவாளத் துண்டொன்றை வேப்பமரக் கிளையிலே சங்கிலியாற் கட்டித் தொங்கவிட்டிருந்தனர். காரியாலயச் சுவர்க் கடிகாரத்தின் முள் குறித்த இடத்தை அடைந்ததும், ஊழியர் ஒருவர் இரும்புக் கம்பியால் அதனை அடிப்பார். ஆசிரியர் பேசிய வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி, கரும்பலகையிலே கணக்கு முடியாதிருந்தாலும் சரி, அம்மணி எவருக்காகவும் பொறுத்திராது. மாலையில் ஊர் திரும்பிக் கோயிலுக்குச் சென்றால் அங்கும் ஒரு மணி. அதன் கயிற்றைப் பிடித்து நிற்பவர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. மூலத்தானத் திரைச்சீலையையே பார்த்து நிற்பார். திரை விலகித் தீபம் உயர்ந்ததும் மணி ஒலிக்கும். குருக்கள் தாமதித்தால் மணியும் தாமதிக்கும்.

இவ்விரு மணிகளுக்கும் இடையிலேயே நாம் வளர்ந்தோம். ஆயினும் அவற்றின் வேறுபாடு பல ஆண்டுகளாக நமக்குப் புலப்படவில்லை. சென்ற பல்கலைக்கழக விடுமுறையிலே நெடுங்கேணிக்கு வந்து, நமது மன்ற மண்டபத்திலே சிறுவர் சிலருக்குக் கணினியில் அசையும் சித்திரம் ஆக்கக் கற்பித்தபோதுதான் அது விளங்கிற்று. காத்திருப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு: காலத்தை எண்ணிக் காத்திருத்தல் ஒன்று, குறிப்பைக் கண்டு காத்திருத்தல் மற்றொன்று. இவ்விரண்டின் வரலாற்றை இளைஞர்களுக்கு எடுத்துக் கூறுவதும், பெரியோர் நன்கறிந்த ஒன்றே புதிய பொறியினுள்ளும் இருக்கின்றதென்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிலம்பு விழுமுன் சிதறிய பரல்கள்

ஸ்கிராச் என்பது சிறுவர்க்கென ஆக்கப்பட்ட நிரலாக்க மொழி. அதிலே ஏவல்கள் யாவும் நிறக்கட்டைகளாகத் திரையில் இருக்கும். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் திரையிலுள்ள பாத்திரம் நடக்கும், பேசும், மறையும். நம் நாட்டுப் பாடசாலைகளிலும் இடைநிலை வகுப்புக்களிலே பிள்ளைகள் இதனைக் கற்கின்றனர். கட்டைகளின்மேல் எழுதியிருந்தது ஆங்கிலமாதலால் நம் சிறுவர் அவற்றுக்குத் தாமே தமிழிற் பெயரிட்டனர். குறித்த நேரம் நிற்கச் சொல்லும் கட்டை ‘பொறு’ ஆயிற்று.

பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி வழக்குரைக்கும் காட்சியை எடுத்துக்கொண்டாள். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு ஆண்டுதோறும் செல்லும் வன்னிப் பிள்ளைக்குக் கண்ணகி கதை புதிதன்று. பாண்டியன் அவையிலே கண்ணகி சிலம்பை எறிய, அது நிலத்தில் வீழ்ந்து உடைந்து, உள்ளிருந்த மாணிக்கப் பரல்கள் சிதறவேண்டும். சிலம்புக்கு அவள் இட்ட ஏவல், ஐந்து படி கீழே இறங்குவதை அறுபது தடவை செய்க என்பது. ஸ்கிராச் செக்கனுக்கு 30 தடவை திரையைப் புதுப்பிப்பதால் அறுபது தடவைக்கு இரண்டு செக்கன் ஆகும் என்று கணக்கிட்டாள். ஆகவே பரல்களுக்கு, இரண்டு செக்கன் பொறுத்துப் பின் சிதறுக என்று ஏவினாள். பயின்ற கணினியிலே காட்சி மிக அழகாக அமைந்தது.

ஒத்திகை நாளன்று மண்டபத்துக்கு இரவலாகக் கிடைத்தது பழைய கணினி. செக்கனுக்கு 30 தடவை படத்தை மாற்ற அதற்கு வலுவில்லை. சிலம்பு ஆறுதலாக இறங்கிக்கொண்டிருந்தது. பரல்களின் ஏவலோ கடிகாரத்தைப் பார்ப்பது. கடிகாரம் எக்கணினியிலும் ஒரே வேகத்திலேயே ஓடும். இரண்டு செக்கன் கழிந்ததும், சிலம்பு ஆகாயத்தில் நிற்கவே, பரல்கள் நிலமெங்கும் சிதறின. கூடியிருந்தோர் சிரித்துவிட்டனர். பிள்ளையின் முகம் வாடிற்று.

முன்வரிசையிலே முதியவர் ஒருவர் இருந்தார். இளமையிற் கோவலன் கூத்தாடியவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

“ஏன் பிள்ளை, சிலம்பு விழுந்து உடைஞ்சாப்பிறகல்லோ பரல் சிதறவேணும்? இதுகள் ஏன் முந்துதுகள்?”

“அப்பு, நான் ரெண்டு செக்கன் எண்டு எண்ணித்தான் வைச்சனான்.”

“எண்ணி என்ன செய்ய? பரல் சிலம்பையெல்லோ பார்த்து நிக்கவேணும்.”

கணினியைத் தொட்டறியாத அவர், நாம் ஒரு வாரமாக விளக்க முயன்றும் இயலாததை ஒரு வாக்கியத்திலே சொல்லிவிட்டார். இவ்வறிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்ற வினாவே நம்மைப் பழைய ஏடுகளிடம் அழைத்துச் சென்றது.

மாத்திரையும் கைந்நொடியும்

காலத்தை எண்ண முதலில் ஓர் அலகு வேண்டும். மிகச் சிறிய காலத்தை அளக்கும் அலகைத் தமிழ் இலக்கணத்தார் தம் உடம்பிலேயே கண்டனர். கண் ஒருமுறை இமைக்கும் நேரம், அல்லது கைவிரல் ஒருமுறை நொடிக்கும் நேரம், ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலே வகுத்துள்ளது. குற்றெழுத்துக்கு ஒன்று, நெட்டெழுத்துக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கணக்கு. மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை. ஓர் ஒலி எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதைக் கால் இமைப்பொழுது வரை நுணுகிக் கண்ட மரபு நம்முடையது.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. பழைய உரையாசிரியர்கள் கைந்நொடியையே நான்கு கூறாக்கினர். நொடிக்க உள்ளத்தில் நினைக்கும்போது கால் மாத்திரை, விரலை ஊன்றும்போது அரை, முறுக்கும்போது முக்கால், விடுக்கும்போது ஒன்று. ஓசை கேட்பது நான்காவது கூற்றிலேதான். அதற்கு முந்திய மூன்றும் ஆயத்தம். ஓசையற்ற அந்நேரத்தையும் அவர்கள் செயலின் பகுதியாகவே கணக்கிட்டனர்.

அசையும் சித்திரம் வரைவோர் இன்று முதற் பாடமாகக் கற்பதும் இதுவே. பாத்திரம் தாவுமுன் முழங்கால் மடியவேண்டும். எறியுமுன் கை பின்னே போகவேண்டும். அந்த ஆயத்தம் இல்லாவிடின் பார்ப்போர் கண்ணுக்கு அசைவு பிடிபடாது. புலி பதுங்குவது பாய்வதற்கு என்று நம் ஊரிலே சொல்வதும் இதைத்தான்.

கைந்நொடியிலே மற்றுமொரு நுட்பம் உண்டு. விரலை நொடித்துக் காலத்தை அளக்கின்றோம். அதே விரலை நொடித்துத் தூரத்தில் நிற்பவனை அழைக்கவும் செய்கின்றோம். எண்ணுதற்கும் குறிப்புக் காட்டுதற்கும் ஒரே செயல் உதவுகின்றது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பதை அடுத்து வரும் பாட்டிலே காணலாம்.

கன்னலும் கொம்பும்

மாத்திரை சிறு காலத்துக்கு அளவு. நாட்பொழுதுக்கு அளவு நாழிகை. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஆகவே ஒரு நாழிகை இக்கால 24 நிமிடம். நாழிகையை அறுபதாகப் பகுத்தால் விநாழிகை; அதனை விநாடி என்றும் வழங்கினர். இன்று பலர் செக்கனையே விநாடி என்கின்றனர். பழைய கணக்கு விநாடியோ 24 செக்கன் கொண்டது. பஞ்சாங்கம் பார்க்கும் இளைஞர் இதனை மறத்தலாகாது.

நாழிகையை அறியப் பயன்பட்டது நாழிகை வட்டில். அடியிலே சிறு துளையுள்ள கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டால், நீர் உட்புகுந்து நிறைந்து, குறித்த நேரத்தில் அது அமிழ்ந்துவிடும். இத்தகைய வட்டில் இந்திய நாடெங்கும் வழங்கிற்று. தமிழில் நீர்க்கடிகாரத்துக்குக் கன்னல் என்ற பெயருமுண்டு.

கன்னலைக் கொண்டு காலம் அறிவிப்போரை முல்லைப்பாட்டிலே காண்கின்றோம். நப்பூதனார் பாடிய இந்நூல் 103 அடிகளே உடையது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. அதன் பொருள் முழுவதும் காத்திருத்தலே. வேந்தன் போர்மேற் சென்று பாசறையிலே தங்கியிருக்கின்றான். அவனிடம் நாழிகைக் கணக்கர் வந்து, கன்னலில் நீர் அளந்து கண்ட பொழுதைத் தெரிவிக்கின்றனர். இஃது எண்ணிக் காத்திருத்தல். அரண்மனையிலே அவன் தேவி இருக்கின்றாள். அவளுக்கு நாழிகைக் கணக்கால் ஆறுதல் இல்லை. முதுபெண்டிர் ஊர்ப்புறத்துக்குச் சென்று நற்சொல் கேட்டு நிற்கின்றனர். பசியால் வருந்தும் கன்றைப் பார்த்து, உன் தாய் இதோ வந்துவிடும் என்று இடைமகள் ஒருத்தி தேற்றும் சொல் அவர் காதில் விழுகின்றது. அதனை நன்னிமித்தமாகக் கொண்டு தேவியை ஆற்றுகின்றனர். முடிவிலே மீண்டு வரும் படையின் ஒலி அவள் செவியை நிறைக்கின்றது. இஃது குறிப்புக்குக் காத்திருத்தல். இரண்டு வகைக் காத்திருத்தலையும் ஒரு பாட்டினுள்ளே புலவர் அருகருகே வைத்துள்ளார்.

முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது ஆற்றியிருத்தல், என்பது இலக்கணம். காடும் காடு சார்ந்த இடமும் முல்லை. நெடுங்கேணியைச் சூழ்ந்துள்ள நிலமும் அதுவே. வன்னி மக்களாகிய நமக்குக் காத்திருத்தல் திணையோடு வந்த உரிமை என்று சொன்னால் அது வெறும் புகழ்ச்சியாகாது.

கூத்துக் களரியிலே

ஏட்டிலிருந்து களரிக்கு வருவோம். முல்லைத்தீவுப் பகுதியிலே கோவலன் கூத்தைத் தனிப்பட்ட பாங்கில் ஆடும் மரபை முல்லைமோடி என்பர். வடமோடி, தென்மோடி என்ற பெயர்களை அறிந்த அளவுக்கு இப்பெயரைப் பலர் அறியார். மோடி எதுவாயினும், களரியிலே கால ஒழுங்கைக் காப்பவர் அண்ணாவியார். அவர் கையிலே கடிகாரம் இல்லை; மத்தளம் உண்டு, அருகே தாளம் உண்டு.

அரசன் வரவு இத்தனை மணிக்கு என்று அங்கே எவரும் குறித்து வைப்பதில்லை. கட்டியகாரன் சொல்லி முடித்தாற்றான் அரசன் வரவு. ஆடுவோன் பாட்டை முடிக்கப் பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்பர். அவர் முடிக்க மத்தளம் தீர்மானம் வைக்கும். அத்தீர்மானத்தைக் கேட்டே அடுத்தவன் அடி எடுத்து வைப்பான். ஆடுவோன் களைத்துப் போய் ஆறுதலாகப் பாடினாலும், சபையோர் விரும்பி ஒரு பாட்டை இரண்டாம் முறை கேட்டாலும், கூத்துக் குழம்புவதில்லை. ஒவ்வொருவனும் தனக்கு முன்னுள்ளவனைக் கேட்டு நிற்பதே அதற்குக் காரணம்.

இவ்வமைப்பின் வலுவை வரலாறு சோதித்தும் பார்த்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே 1962 இல் கர்ணன் போரையும், 1964 இல் இராவணேசனையும் மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்தை நகரத்து அரங்குக்கு ஏற்பச் சில மணி நேரத்துள் அடங்கச் சுருக்கினார். பாட்டுக்கள் குறைந்தன; வரவுகள் குறுகின. ஆயினும் கூத்துச் சிதறவில்லை. கடிகாரத்தின்மேற் கட்டிய ஆட்டமாயின், ஒரு பாட்டை நீக்கியதும் அதன்பின் வரும் யாவற்றுக்கும் நேரம் திரும்பக் கணிக்க நேர்ந்திருக்கும். குறிப்பின்மேற் கட்டிய ஆட்டத்திலோ, அறுந்த இரு முனைகளையும் முடிந்துவிட்டாற் போதும்.

நம் சபையில் இருந்த முதியவரின் அறிவு இக்களரியிலே பிறந்தது. இனி, உயிருள்ள ஆட்டக்காரர் இல்லாத இடத்திலே அவ்வறிவுக்கு என்ன நேர்ந்ததென்று பார்ப்போம்.

காதில்லாத படம்

பெல்சிய அறிஞர் யோசேப்பு பிளாத்தோ 1832 இல், சுழலும் தட்டிலே வரைந்த படங்கள் அசைவதுபோலத் தோன்றச் செய்தார். நின்ற படங்களை விரைவாக அடுத்தடுத்துக் காட்டினால் கண் அவற்றை ஒரே அசைவாகக் கொள்ளும். இதுவே அசையும் சித்திரங்களுக்கெல்லாம் அடிப்படை. பேசாப் படக் காலத்திலே கமெராவின் பிடியைக் கையாற் சுழற்றிப் படமெடுத்தமையால் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. 1920களின் இறுதியிலே பேசும் படம் வந்தபோது, ஒலி திரியாதிருக்கும்பொருட்டு செக்கனுக்கு 24 படம் என்று நிலைநிறுத்தினர். சித்திரக்காரர் பெரும்பாலும் ஒரு சித்திரத்தை இரண்டு படத்துக்கு வைத்து, செக்கனுக்குப் 12 சித்திரங்களால் வேலையை முடிப்பர். அவர்களுக்கு அரைச் செக்கன் நிறுத்தம் என்பது 12 படம். எண்ணிக் காத்திருத்தல் இங்கே முழு அரசு செலுத்திற்று.

படத்துக்குக் காது இல்லை. அதனால் நேர்ந்த இடரை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. அமெரிக்கச் சித்திரக்காரர் வின்சர் மக்கே 1914 இலே கேர்ட்டி என்னும் தொல்விலங்கின் படத்தை ஆக்கி, தாமே மேடையில் நின்று அதனோடு பேசினார். காலைத் தூக்கு என்று அவர் சொல்ல அது காலைத் தூக்கிற்று. விலங்கு அவருக்குப் பணிந்ததென்று சபை மகிழ்ந்தது. உண்மையிலே பணிந்தவர் அவர்தாம். படம் அவருக்காக ஒரு கணமும் பொறுக்கமாட்டாது. அதன் ஒவ்வொரு அசைவையும் மனத்திற் பதித்து, சொல்லை உரிய இடத்திலே போட்டார்.

மற்றையது வால்ற் டிஸ்னியின் ‘ஸ்ரீம்போட் வில்லி’. 1928 நவம்பர் 18 ஆம் திகதி நியூயோர்க்கிலே திரையிடப்பட்ட இப்படத்துக்கு இசை பதிவுசெய்த முதல் முயற்சி தோல்வியுற்றது. வாத்தியக் குழுவினால் படத்தின் வேகத்தோடு ஒட்டி வாசிக்க முடியவில்லை. பின்னர்ப் படச்சுருளிலேயே தாளத்துக்கேற்பத் துள்ளும் பந்தொன்றைப் பதித்து, அதனைப் பார்த்து வாசிக்கச் செய்தனர். இரண்டாம் முறை இசை படத்தோடு பொருந்திற்று. நடத்துநரின் கண்முன் துள்ளிய அப்பந்து நம் அண்ணாவியாரின் தாளத்துக்கு ஒப்பானதே.

பொறிக்குப் பொறுமை கற்பித்தல்

இனிக் கணினிக்கு வருவோம். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியிலே 1964 இல் தொடங்கிய பேசிக் என்னும் மொழி, பின்னர் வீட்டுக் கணினிகள் பரவியபோது தொடக்க மாணவர் பலருக்கு முதல் மொழியாயிற்று. அவர்கள் படத்தைச் சிறிது நிறுத்த விரும்பினால், ஒன்று முதல் ஆயிரம் வரை வீணாக எண்ணுமாறு கணினியை ஏவுவர். எண்ணி முடியும்வரை திரை அசையாது நிற்கும். கண்பொத்தி விளையாடும் பிள்ளை நூறு வரை எண்ணுவது போன்றதே இது. ஆனால் விரைவாக எண்ணும் பிள்ளை விரைவிலே கண் திறந்துவிடுமல்லவா? 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியின் வேகத்தை நம்பி எழுதிய விளையாட்டுக்கள் சில, பின்வந்த வேகமான கணினிகளிலே கண்ணுக்குப் பிடிபடாமல் ஓடின. அதற்குப் பரிகாரமாகவே கணினிப் பெட்டியின் முகப்பிலே ‘ரேபோ’ என்னும் பொத்தான் வைத்து, வேண்டியபோது வேகத்தைக் குறைத்தனர். எண்ணிக்கையை மட்டும் நம்பியதன் பயன் இது.

1982 இல் இங்கிலாந்திலே வந்த சின்கிளேயர் ஸ்பெக்ரம் கணினியிலே நிறுத்தத்துக்கென்றே ஏவலொன்று இருந்தது. அந்நாட்டுத் தொலைக்காட்சித் திரையின் துடிப்பையே அஃது அலகாகக் கொண்டது. 50 துடிப்பு ஒரு செக்கன். எண்ணும் பணி வெளியிலுள்ள நிலையான துடிப்போடு பிணைக்கப்பட்டமையால் அளவு திரியவில்லை. மாத்திரைக்கு இமை எப்படியோ, இதற்குத் திரைத் துடிப்பு அப்படி.

சிறுவர்க்கு நிரலாக்கம் கற்பிக்கும் முயற்சி இதற்கு முந்தியது. 1967 இலே வொலஸ் பெயர்சிக், சீமோர் பப்பேட், சிந்தியா சொலமன் ஆகியோர் லோகோ மொழியை ஆக்கினர். சிறுவர் ஏவ ஆமையொன்று கோடு கீறி நடப்பது அதன் புகழ்பெற்ற பகுதி. அவ்வழியிலே வந்ததுதான் ஸ்கிராச். மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே மிச்செல் ரெஸ்னிக்கின் குழுவினர் அதனை ஆக்கி 2007 இல் வெளியிட்டனர்.

ஸ்கிராச்சின் சிறப்பு, ஒரே வேளையிலே பல பாத்திரங்கள் தத்தம் ஏவற்படி இயங்குவது. ‘பொறு’ என்ற கட்டை, தான் பொருந்தியுள்ள ஏவல்வரிசையை மட்டுமே நிறுத்தும்; ஏனையவை தொடர்ந்து இயங்கும். வேறு சில மொழிகளிலே தொடக்க மாணவன் படம் ஓடும் இடத்தில் உறங்கு என்ற ஏவலை இட்டால், சாளரம் முழுவதுமே உறைந்து, பொத்தானை அழுத்தினாலும் கேளாது நிற்கும். ஒருவன் உறங்க ஊர் முழுவதும் உறங்கிய கதை அது.

பலர் ஒருங்கே இயங்கும் இடத்திலே ஒருவரோடு ஒருவர் இசைவதற்கு வழி வேண்டும். அதற்காக ஸ்கிராச்சிலே இரண்டு கட்டைகள் உள்ளன. ஒன்று, செய்தியொன்றை எல்லோரும் கேட்க அனுப்புவது. மற்றையது, அச்செய்தி வந்ததும் தொடங்குவது. நம் சிறுவர் முன்னையதைக் ‘கூவு’ என்றும், பின்னையதைக் ‘கூவல் கேட்டால்’ என்றும் அழைத்தனர். கூவிவிட்டு, கேட்டவர் தம் வேலையை முடிக்கும்வரை நிற்கச் செய்யும் கட்டையும் உண்டு. அண்ணாவியாரின் மத்தளத் தீர்மானம் இங்கே கட்டையாக நிற்கின்றது.

சிலம்பு உடைந்தது

அச்சிறுமி அன்று மாலையே பரல்களின் ‘பொறு’ கட்டையை நீக்கினாள். சிலம்பின் அறுபது அடியும் முடிந்த இடத்திலே ‘கூவு’ வைத்தாள். பரல்களின் தலையிலே ‘கூவல் கேட்டால்’ வைத்தாள். பழைய கணினியிற் சிலம்பு ஆறுதலாக இறங்கிற்று. பரல்கள் அமைதியாக நின்றன. சிலம்பு நிலத்தைத் தொட்டது, பரல்கள் சிதறின.

முதியவர் தலையசைத்தார். உடனே மற்றொரு குறையையும் கண்டார். பரல் சிதறியதும் பாண்டியன் சட்டென்று சிங்காசனத்திலிருந்து வீழ்ந்துவிட்டான்.

“அவசரப்படாதை பிள்ளை. அவன் அரசன். பரலைப் பார்க்கவேணும், தான் செய்த பிழை மனசிலை விழவேணும், பிறகுதான் ஆள் விழவேணும்.”

இவ்விடத்திலே கூவி அறிவிக்க எவருமில்லை. அரசனின் மௌனத்துக்குக் குறிப்பு வெளியிலிருந்து வராது. ஆகவே ‘பொறு’ கட்டை திரும்ப வந்தது. ஒரு செக்கன் வைத்துப் பார்த்தோம், போதவில்லை. ஐந்து வைத்தோம், சபை இருமத் தொடங்கிற்று. மூன்றிலே நின்றோம். அம்மூன்று செக்கனும் மண்டபத்திலே எவரும் பேசவில்லை.

இதிலிருந்து நாம் அறிந்தது யாது? ஒரு செயல் மற்றொரு செயலைத் தொடர்ந்து வரவேண்டுமாயின் குறிப்பை நம்புக. உள்ளத்துக்கு நேரம் கொடுக்கவேண்டுமாயின் காலத்தை எண்ணுக. நம் கமக்காரர் இதனை நன்கறிவர். மூன்றரை மாத நெல் என்று கணக்கு வைத்திருப்பர். ஆயினும் கதிர் பழுத்துத் தலைசாய்ந்ததைக் கண்ட பின்னரே வெட்டுக்கு இறங்குவர். கணக்கு அவர்களை ஆயத்தம் செய்கின்றது. கதிர் அவர்களை அழைக்கின்றது.

வராத குறிப்பு

முடிப்பதற்குமுன் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். குறிப்பை நம்பிக் காத்திருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. கூவவேண்டியவன் கூவாவிடின் கேட்க நிற்பவன் என்றென்றும் நிற்பான். ஒரு சிறுவன் ‘கூவு’ கட்டையை இட மறந்தான். அவன் படத்திலே தாய்ப்பசு வரவேயில்லை. கன்று திரையின் ஓரத்திலே நின்றுகொண்டே இருந்தது. அவன் முதலிற் கன்றின் ஏவலைத்தான் திருத்தத் தொடங்கினான். கன்றிலே பிழையில்லை, செய்தி அனுப்பவேண்டிய இடத்தைப் பார் என்று சொன்னோம். தேர்ந்த நிரலாளர் இத்தகைய இடங்களிலே, இவ்வளவு நேரத்துள் செய்தி வராவிடின் காரணத்தைத் தேடுக என்று எல்லையொன்றையும் சேர்த்து வைப்பர். எண்ணுதல் அங்கே குறிப்புக்குக் காவலாக நிற்கின்றது.

அக்கன்றைப் பார்த்தபோது மண்டபத்திலிருந்த தாய்மார் சிலர் மௌனமாயினர். 2009 இலே போர் முடிந்தது. இடம்பெயர்ந்தோர் பின்னர் ஊர் திரும்பினர். எல்லோரும் திரும்பவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் கேட்பதற்காக உறவினர் 2017 பெப்புருவரியிலே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டம் தொடங்கினர். முல்லைப்பாட்டின் தேவிக்குப் படையின் ஒலி கேட்டது. இவர்களுக்கு நாழிகையும் உண்டு, நாளும் உண்டு, ஆண்டும் உண்டு. குறிப்பு மட்டும் இல்லை. காத்திருப்போரிடம் பொறுமையைப் போதிப்பது எளிது. பிழை கன்றிடம் இல்லை என்பதை நம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் இப்போது அறிவர்.

இளைஞர்காள்! நீங்கள் நாளை எழுதப்போகும் செய்நிரல்கள் பலருடைய வாழ்வைத் தொடும். வங்கியிலே, வைத்தியசாலையிலே, கச்சேரியிலே மக்கள் உங்கள் பொறியின் முன் காத்து நிற்பர். எங்கே எண்ணவேண்டும், எங்கே கேட்கவேண்டும் என்பதை அறிந்து எழுதுங்கள். நீங்கள் கூவவேண்டிய இடத்திலே கூவ மறவாதீர்கள். பெரியோர்களே! களரியிலே நீங்கள் கேட்டுக் கேட்டுக் கற்ற காலக்கணக்கு எந்த ஏட்டிலும் முழுமையாக எழுதப்படவில்லை. மன்ற மண்டபத்துக்கு வாருங்கள், முன்வரிசையில் இருங்கள், எங்கள் சிலம்புகளும் பரல்களும் முந்தினாற் சொல்லுங்கள். நாங்கள் திருத்திக்கொள்வோம்.